ஒரு துப்பாக்கிக்கு நாலு நம்பர்

யாங்கோனில் எந்தப் பொருளும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு பிறந்த ஒரே மனிதர் நம்பரண்ணன்தான். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். பர்மாக்காரர்கள்கூட மரியாதையாக 'ஊ நம்பர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரயில்வே பட்டறையில் உதிரிபாகங்களின் எண்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டது, எண் விடவில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கும் சாக்கில் வாட்சைக் கழற்றிப் பார்த்து, "கேஸ் ஒரு கம்பெனி, பின்மூடி வேற கம்பெனி தம்பி" என்றார். மாமனார் போட்ட வாட்ச் அது. பந்தி முடியும்வரை சம்பந்திகள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நகரத்தின் நடுவே கியாக்டடா பேட்டையில் சினிமாக்காரர்களுக்குப் பழைய சாமான்களை வாடகைக்கு விடும் என் கடைக்கு அவர் தினமும் லென்ஸோடு வந்து உட்கார்ந்துவிடுவார். என் பிழைப்பே வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன ஒரு ரைபிளால்தான் ஓடியது. குழலை வெல்டிங் வைத்து அடைத்த, சுடாத துப்பாக்கி. அதற்கு அனுமதிக் காகிதம் உண்டு. வருடம் ஒருமுறை அதிகாரி வந்து, காகிதத்தில் உள்ள எண்ணையும் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்டில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் துப்பாக்கி போகும். பின்னாலேயே கடையும் போகும்.

போன முறை அதிகாரி எண்ணைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"ஸயா, அது துப்பாக்கி நம்பர் இல்ல. போல்ட் நம்பர்" என்றார் நம்பரண்ணன், ஐயா என்ற மரியாதை குறையாத நல்ல பர்மியத்தில்.

"அண்ணே, சும்மா இருங்க" என்றேன் தமிழில்.

"எப்புடி சும்மா இருக்கறது? ஒடம்புல வேற நம்பர் இருக்கே." லென்ஸை அதிகாரி கையிலேயே கொடுத்தார். "பாருங்க ஸயா. ஒடம்பு இந்தியாவுல அடிச்சது. போல்ட் ஆஸ்திரேலியா. குழல் நுனியில இருக்கிற மூடி இன்னொண்ணோடது. பின்கட்டை மரமே வேற. நாலு துப்பாக்கி இது."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப இது காயிதம் இல்லாத துப்பாக்கி. எடுத்துட்டுப் போகணும்."

"தாராளமா எடுங்க" என்றார் பாவி மனுஷன். "ஆனா போல்டுக்குக் காயிதம் இருக்கு. அதக் கழட்டி வச்சிடணும். மத்த மூணுக்கும் தனித்தனியா ரசீது எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதினாப் போதும்."

அதிகாரி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு துப்பாக்கிக்கு ஒரு வரிதான் இருந்தது. இதையெல்லாம் மேலதிகாரிக்கு விளக்குவதை நினைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அனுமதிக் காகிதத்திலேயே பழைய எண்ணுக்குக் கீழே மற்ற எண்களையும் எழுதி, எல்லாம் சேர்ந்து ஒரே துப்பாக்கி என்று குறித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்கிவைத்த தேநீரைக்கூடத் தொடாமல் நடையைக் கட்டினார்.

"இனிமே இந்தப் பக்கமே வராதீங்க" என்று எரிந்து விழுந்தேன்.

நம்பரண்ணன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன்யா கத்துற? நாளைக்கு வேற ஆள் வந்து பாத்தா, தப்பு நம்பருக்கு உன்னயத்தான உள்ள தள்ளுவான். அத நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. பத்து மணிவரை பார்த்தேன். அந்தக் கழுத்தறுப்பு இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, அவரைக் கையோடு கூட்டிவரக் கிளம்பினேன்.