சம்பந்தியம்மாள் மிகவும் களைத்துத் தெரிந்தது குறித்து

காஞ்சிரப்பள்ளி,
செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.

அன்பு மகன் ஜோபிஷுக்கு உன் அப்பச்சன் பாப்பச்சன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மச்சியும் பசுவும் சௌக்கியம். இங்கிலாந்தில் நீயும் உனக்கு நிச்சயித்த ஹேஸலும் சளி பிடிக்காமல் இருக்க முட்டிபோட்டு ஜெபிக்கிறோம். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் உன் அம்மச்சி பிடுங்கிக்கொண்டு அழுகிறாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி, அடுத்த வீட்டு அன்னக்குட்டியின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கத்து.

முதலில் ஒன்று. இதற்கெல்லாம் காரணம் நீதான். "ஹேஸலோட அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே தனியா வந்து நம்ம வீட்ல ஒரு வாரம் இருக்கப் போறாங்க, அப்பச்சன் நாலு வார்த்தை இங்கிலீஷ் கத்துக்கணும்" என்று என்னை டயர் கடை மாடியில் சிபிச்சன் சார் வகுப்பில் சேர்த்தது யார்? அங்கே இருப்பதெல்லாம் வெளிநாடு போகிற நர்ஸ் பெண்பிள்ளைகள், நடுவில் வழுக்கைத் தலையோடு நான் ஒருத்தன். பாடமோ ஒன்றே ஒன்று: ஒருவரைப் பார்த்ததும் அவர் எப்படித் தெரிகிறார் என்று சொல்வது. 'யூ லுக் டயர்ட்' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாதாம். 'டயர்ட்'டுக்கு முன்னால் அளவு போட வேண்டுமாம். எ லிட்டில், குவைட், வெரி, எக்ஸ்ட்ரீம்லி. அந்தப் பிள்ளைகள் என்னையே நோயாளியாக பெஞ்சில் படுக்கவைத்து, "அங்கிள், யூ சீம் எ லிட்டில் வீக்", "அங்கிள், யூ லுக் வெரி பேல்" என்று மாறி மாறிச் சொன்னதில் எனக்கு நிஜமாகவே தலை சுற்றி, சோடா வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வீடு வந்தேன்.

இனி விமான நிலையம். ஹேஸலின் அம்மா டோரீன் மேடம் தொப்பியும் தோள்பையுமாக வெளியே வந்தார். உள்ளபடி சொன்னால் நன்றாகத்தான் இருந்தார், கன்னமெல்லாம் சிவந்து. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்வது மரியாதையா, நீயே சொல். நம் ஊரில் ஒருவரைப் பார்த்தால் "ஐயோ, என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க!" என்று கேட்காமல் யாராவது வாசல்படி தாண்டுவார்களா? ஈஸ்டருக்கு வந்த உன் பெரியப்பச்சனிடம் நான் மறந்துபோய் "நல்லா இருக்கீங்களே" என்று சொன்னதற்கு, "ஆமாடா, நான் எக்கேடு கெட்டா உனக்கென்ன" என்று மீன்கறியைத் தொடாமல் எழுந்து போன மனுஷன், இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அதனால் சொல்லியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. 'எ லிட்டில்' போடலாமா என்று யோசித்தேன். கடல் தாண்டி வந்த சம்பந்திக்குப் போய்க் கொஞ்சமாகப் பரிமாறுவதா? மனசு கேட்கவில்லை. கையைக் கூப்பி, "மேடம், யூ லுக் எக்ஸ்ட்ரீம்லி டயர்ட்" என்றேன். அந்த அம்மாளின் சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. உன் அம்மச்சி என் இடுப்பில் இடித்து, "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு நிக்கிறீங்களே, கஞ்சப் பயல் வீடுன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றாள். சரி என்று, "யூ லுக் டெரிபிளி தின், யூ சீம் வெரி வெரி சிக்" என்று தாராளமாகவே போட்டேன். வழியெல்லாம் அவர் கைக்கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டிலாவது சும்மா இருந்தார்களா? அன்னக்குட்டி ஓடி வந்து மேடத்தின் கன்னத்தைப் பிடித்து, "அட கடவுளே, எலும்பும் தோலுமால்ல இருக்காங்க! அப்பச்சா, இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பால்காரர் கேட்டைத் தாண்டாமலே ஒன்று சொன்னார், அதையும் சொன்னேன். மேடம் மெல்ல எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஹேஸலுக்குப் போன் செய்து அழுதது எங்களுக்கெல்லாம் கேட்டது.

நேற்று நீ, "அம்மாவ அவமானப்படுத்தின வீட்டுக்கு மருமகளா வர மாட்டேங்கறா, கல்யாணமே நடக்குமான்னு தெரியல" என்று சொன்னதிலிருந்து இங்கே அடுப்பு மூட்டவில்லை. நீ டைபாய்டில் கிடந்தபோது ராப்பகலாய்ப் பார்த்துக்கொண்ட பெண், அவளை இழக்க எனக்கு மனசில்லை. பாசத்தில் சொன்னது என்று அவளுக்கு எடுத்துச் சொல்லு. நானும் இப்போதே மேடத்தின் கதவைத் தட்டி, "யூ லுக் பெர்ஃபெக்ட்லி வெல்" என்று மாற்றிச் சொல்லிவிடுகிறேன். மானம் போனாலும் பரவாயில்லை.

மாதாவின் காவல் உங்கள் இருவர் தலைமேலும் இருக்கட்டும். அம்மச்சி முத்தம் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
கவலையில் பாதியாய்ப் போன உன் அப்பச்சன்
பாப்பச்சன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். போய்ச் சொன்னேன். மேடம் கதவைத் திறந்து, "அதை மட்டும் சொல்லாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கே புரிகிற மாதிரி மெதுவாகத்தான் பேசினார். வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருஷமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம், 'யூ லுக் குவைட் வெல்' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்களாம். களைத்துப் போயிருக்கிறாய் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னது நாங்கள்தானாம். அதில்தான் அழுகை வந்ததாம். இப்போது அடுக்களையில் உட்கார்ந்து கப்பைக் கிழங்கும் மீனும் சாப்பிடுகிறார், கோவிலில் கல்யாணத் தேதி கேட்கச் சொல்லி என்னை விரட்டுகிறார். ஹேஸலுக்குச் சொல்லிவிடட்டுமா என்றேன். "ஐயோ வேண்டாம், நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சா அவ மெதுவாத்தான் வருவா" என்கிறார். ஆகவே மகனே, ஹேஸலிடம் நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: உன் அம்மா எக்ஸ்ட்ரீம்லி டயர்ட், உடனே கிளம்பு.