பூனைகளுக்கு ஒரு அடிக்கல்

மனிதர்களில் அடிக்கல்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கிறார், தேட வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டையும் தோளில் மடித்த துண்டும் போட்டிருப்பார். சட்டைப் பையில் வாஸ்து நாள்களைச் சுழித்து வைத்த சின்னக் காலண்டர் இருக்கும். மண்வெட்டி பிடிக்க அஞ்சாதவர். ஆனால் அதன் காம்பில் பூச்சரம் சுற்றியிருக்க வேண்டும், எதிரே புகைப்படக்காரர் நிற்க வேண்டும், மூன்றாவது வெட்டுக்குள் யாராவது ஓடிவந்து, "போதும்ணே, நீங்க போய் உக்காருங்க" என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

இராமநாதபுரத்தில் இந்த இனத்துக்குத் தலைமகன் சேதுராமன். திருவாடானைப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். ஊருக்கு வெளியே சீமைக் கருவேலம் மண்டிய காலி இடம் ஒன்று அவருக்கு உண்டு. அந்த இடத்தில் நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார். முதியோர் இல்லத்துக்கு நாட்டியிருக்கிறார். தையல் பள்ளிக்கும் நாட்டியிருக்கிறார். மூன்றும் அடுத்தடுத்து, ஒன்றை ஒன்று பார்த்தபடி, முள்ளுக்குள் நிற்கின்றன. அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. யாராவது வந்து கஷ்டத்தைச் சொன்னால் அவர் மனம் உண்மையாகவே இளகும். அதுதான் சங்கடம். இளகிய மனத்துக்கு உடனே ஒரு கல் தேவைப்படுகிறது.

தொண்ணூற்றேழாம் வருஷம் சித்திரையில் அவரிடம் வந்தவள் பூமயில். பழைய மீன் மார்க்கெட்டை ஒட்டி இட்லிக் கடை வைத்திருந்தவள். மார்க்கெட்டை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். வியாபாரிகள் போனார்கள், ஐஸ் பெட்டிகள் போயின, ஈக்கள்கூடப் போய்விட்டன. பூனைகளுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. செதிலும் குடலும் தின்று வளர்ந்த அந்தக் கூட்டம் முழுவதும் பூமயிலின் கடைக்குள் குடியேறியது. கண் போனது, கால் ஒடிந்தது, குட்டி போட்டது என்று எல்லாம் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால்.

"எடத்துக்காரர் வீரையா அண்ணன் கறாராச் சொல்லிப்புட்டாருண்ணே. ஐப்பசியில கடையை இடிச்சுக் கட்டப் போறாராம். அதுக்குள்ள பூனைகளைக் கெளப்பலைன்னா சாக்குல கட்டிக் கமுதிக் காட்டுல விட்டுருவாராம். அங்கன மொளகாயத் தவிர என்ன இருக்கு, அதுக திங்க? ஒரு கொட்டகை போதும்ணே. மழை ஒழுகாம."

சேதுராமனுக்குக் கண் கலங்கியது. "கொட்டகையா? பூமயிலு, என்ன பேச்சுப் பேசுறே! காப்பகம் கட்டுவோம். நோய்ப் பூனைக்குத் தனி அறை, குட்டிக்குத் தனி அறை, முன்னால ஒரு வளைவு. எடம் என் எடம்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவர் நேராகக் கல்வெட்டுக்காரர் முனியசாமியின் பட்டறைக்குப் போனார்.

முதல் கல் வைகாசியில் தயார். கடப்பாக் கல், நல்ல அகலம், ஓரமாக ஒரு பூனைப் படம். அதில் பருத்தி வியாபாரிகள் சங்கத் தலைவர் பெயர் மேலேயும் மிளகாய் வியாபாரிகள் சங்கத் தலைவர் பெயர் கீழேயும் இருந்ததால் மிளகாய் காரமாகிவிட்டது. இரண்டாவது கல்லில் இருவரையும் ஒரே வரியில் போட்டார்கள். இடப்பக்கம் யார் என்று பிரச்சினை வந்தது. மூன்றாவது கல்லில் சிறப்பு விருந்தினருக்கு இனிஷியல் விட்டுப்போயிற்று. நான்காவது கல் வெட்டி முடித்த அன்று அந்த விருந்தினருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இதற்குள் ஆனி போனது, வாஸ்து நாள் இல்லை. ஆடி போனது, ஆடியில் நல்ல காரியமா?

"தள்ளுன கல்லையெல்லாம் என்னண்ணே பண்ண?" என்றார் முனியசாமி. "பேரு வெட்டுன கல்லைத் துணி தொவைக்கக்கூட ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான். வாசல அடைச்சுக்கிட்டு நிக்குது."

"இருக்கட்டும்ப்பா. கல்லு என்ன, சோறா கேக்குது?"

கேட்கிறவை வேறு இடத்தில் இருந்தன.

ஆவணியில் ஐந்தாவது கல்லோடு விழா நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, நாகசுரம். பூனைகளின் சார்பில் பூமயில் ஒரு கடுவன் பூனையைக் கூடையில் கொண்டுவந்திருந்தாள். அதற்கும் மாலை போட்டார்கள். தலைவர்கள் வரிசையாகப் பேசிக்கொண்டிருந்தபோது கடுவன் கூடையைவிட்டு இறங்கி, கல்லுக்கு ஊற்ற வைத்திருந்த பாலை நிதானமாகக் குடித்து முடித்தது. அந்தத் திட்டத்தின் கீழ் ஒரு பூனைக்குக் கிடைத்த உதவி அதுதான்.

புரட்டாசியில் பூமயில் மறுபடி வந்தாள். "வேலை எப்பண்ணே ஆரம்பிக்கிறாக?"

சேதுராமன் அவளை விநோதமாகப் பார்த்தார். "என்ன கேக்குற நீ? அதான் ஆரம்பிச்சாச்சே!"

வாசகரே, இந்த இடத்தில் அவரைத் திட்டிவிடாதீர்கள். அவர் நெஞ்சறிய நம்பித்தான் சொன்னார். யோசித்துப் பாருங்கள். கட்டிடம் என்று ஒன்று எழும்பிவிட்டால் அது ஒழுகும், விரிசல் விடும், யாராவது வந்து கதவு சாத்தவில்லை என்பார்கள், பூனைக்கு இடம் போதவில்லை என்பார்கள், நாற்றம் என்பார்கள். அடிக்கல் ஒழுகியதாக இதுவரை ஒரு புகார் உண்டா? கட்டப்படாத காப்பகத்தில் எல்லாப் பூனைகளும் சௌக்கியமாக இருக்கின்றன. அவர் ஒவ்வொரு நாளும் மனக்கண்ணில் அந்த வளைவின் கீழ் நடந்து போய், அவற்றைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் தூங்கினார். நல்லவர்தான். நல்லவராக இருப்பது அவருக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. வீரையா இட்லிக் கடை வாசலில் சாக்குகளை அடுக்கிவிட்டார். "நாளைக்கு லாரி வருது பூமயிலு. பொறவு என்னையச் சொல்லாத."

மறுநாள் அந்தப் பருவத்தின் முதல் பெரிய மழை. சேதுராமனுக்கு மனம் கேட்கவில்லை. பூனைகளைப் பற்றி அல்ல. மழைத் தண்ணீரில் கல் சாய்ந்துவிட்டால்? குடையை விரித்துக்கொண்டு காலி இடத்துக்குப் போனார்.

கல்லைக் காணோம். ஐந்தாவது கல் மட்டுமா? நூலகம் இல்லை, முதியோர் இல்லம் இல்லை, தையல் பள்ளியும் இல்லை. அவை நின்ற இடத்தில் குழிகள். முள்ளை வெட்டி ஒதுக்கிய மேட்டில் ஏதோ ஒன்று எழும்பியிருந்தது. நான்கு பக்கமும் கல் பலகைகள் செங்குத்தாக ஊன்றப்பட்டு, மேலே அகலமான பலகைகள் கூரையாகப் படுத்திருந்தன. இடுக்குகளில் களிமண் அப்பியிருந்தது. பக்கத்தில் முனியசாமியின் மாட்டு வண்டி. பட்டறை வாசல் காலியான மகிழ்ச்சியில் அவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

சேதுராமன் குனிந்து உள்ளே பார்த்தார். காய்ந்த வைக்கோலில் பூனைகள். மிளகாய்ச் சங்கத் தலைவரின் மேல் சாய்ந்து ஒன்று பால் கொடுத்துக்கொண்டிருந்தது. இனிஷியல் இல்லாத விருந்தினரில் கடுவன் நகம் தீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

பூமயில் சேறும் கையுமாக எழுந்து நின்றாள். "கோவிச்சுக்காதீகண்ணே. சாக்குக்கு முந்திக்கிற வேண்டியதாப் போச்சு."

அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொரு கல்லாகச் சுற்றிவந்து பார்த்தார். வேதனையோடு கேட்டார்: "என் பேரு உள்பக்கமாப் போயிருச்சே?"

"வெளிய வச்சா மழையில எழுத்துப் போயிரும்ணே. உள்ளன்னா இதுக தினம் பாத்துக்கிட்டே இருக்கும்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. குடைக்கடியில் காலண்டரைப் புரட்டினார். "கார்த்திகையில ஒரு நாள் இருக்கு. இதை இப்படியே விட முடியாது பூமயிலு. விரிவாக்கம் செய்யணும். அதுக்கு முறைப்படி ஒரு அடிக்கல்..."

"கண்டிப்பா நாட்டுங்கண்ணே," என்றாள் பூமயில். "தெக்குப் பக்கம் மறைக்க ஒரு கல்லு கொறையுது. கொஞ்சம் அகலமாவே வெட்டச் சொல்லுங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கும், நம் தெருப் பூனைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு கணம் நெஞ்சு இளகியிருக்குமே? இளகியதும் இதமாக இருந்திருக்குமே? பாதி வேலை முடிந்துவிட்டது போல?

அப்படியானால் தயவுசெய்து சொல்லுங்கள், முனியசாமி உளியோடு காத்திருக்கிறார்: உங்கள் இனிஷியல் பெயருக்கு முன்னாலா, பின்னாலா?