பேரனுக்கு என் பெயர் வேண்டாம்

பெத்னல் கிரீன், லண்டன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கை மொரீனுக்கு,

அண்ணன் ஜாக் எழுதிக்கொள்வது. கடற்காற்றில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் சௌக்கியமாக இல்லை, கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகன் டெரன்ஸ் தன் பிள்ளைக்கு என் பெயரை வைக்கப்போகிறானாம். வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். நீதான் தடுக்க வேண்டும். அவன் பெண்டாட்டி ஹேஸல் மாமனார் பேச்சைக் கேட்கமாட்டாள், உன் பேச்சைக் கேட்பாள்.

இந்தப் பெயரோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாததா? நம் ஆட்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்களே. தனியாக என்று சொல்லும் 'ஓன்' என்பதற்கு ஒத்து ஒலிக்கிறதென்று எவனோ ஒரு ஜாக் ஜோன்ஸைப் பிடித்தார்கள். தனியாக நிற்பவன் ஜாக் ஜோன்ஸாக நிற்கிறான் என்றார்கள். பிறகு நாக்கு நோகிறதென்று ஜோன்ஸையும் வெட்டி எறிந்தார்கள். மிச்சம் நான்: ஒண்டியாள் என்றால் வெறும் ஜாக். அதோடு விட்டார்களா? சீட்டுக்கட்டில் வேலைக்காரன் ஜாக், காருக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் இரும்பு ஜாக், ஊர் எக்கேடு கெட்டாலும் தன் பாடு நடந்தால் போதும் என்கிறவனும் ஜாக். போன வெள்ளிக்கிழமை மதுக்கடையில் நுழைகிறேன், கடைக்கார ஸ்டான் கத்துகிறான்: "என்ன ஜாக், இன்னிக்கும் ஜாக்காத்தான் வந்தியா?" கடையே சிரித்தது. உன் அண்ணி ஐரிஸ் இருந்தவரை நானும் சேர்ந்து சிரித்தவன்தான். அவள் போன பிறகு அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்துகிறது, மொரீன். அந்தக் குத்து ஒரு பச்சைக் குழந்தைக்கு எதற்கு?

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். டெரன்ஸ் பல்லெல்லாம் தெரிய, "அப்பா, பையனுக்கு உங்க பேருதான். நம்ம வீட்டு வழக்கத்தை விடலாமா?" என்றான்.

"வழக்கமாவது மண்ணாவது! அந்த வழக்கத்த ஒழிக்கத்தாண்டா உனக்கு டெரன்ஸ்னு வச்சேன்" என்று மேசையைத் தட்டினேன். தட்டிய வேகத்தில் பச்சைக் குழம்பு துள்ளி ஹேஸலின் புது வெள்ளைக் கவுனில் விழுந்தது, அவள் அழ, குழந்தை அழ, நான் விருட்டென்று எழுந்து கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தால் மழை, கோட்டு உள்ளே, வீட்டுச் சாவி கோட்டுக்குள்ளே, திரும்பிப் போனால் மானம் போகும் என்று நனைந்துகொண்டே வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு பெரில் ஜன்னலைத் திறந்தாள். "ஏன்யா, மழையில இப்படி ஜாக்கா உக்காந்திருக்கே?"

இந்தப் பெயர் என்னோடு முடியட்டும். ஹேஸலிடம் சொல். வேறு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லாரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ஜாக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், டெரன்ஸ் போனில் வந்தான். "நீங்க சொன்னதுதான் சரிப்பா. ஹேஸலோட அப்பா பேரையே வச்சிடுறோம். நார்மன்." நார்மனாம்! நம் பக்கமே இல்லாமல் ஆற்றுக்குத் தெற்கே பிறந்தவன், நாம் உயிரை விடும் விலாங்கு மீனைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறவன்! அந்தப் பெயரை வைத்து ஒரு கிண்டல் கட்டக்கூட இந்த லண்டனில் இதுவரை எவனும் மெனக்கெட்டதில்லை! என் பெயருக்கு என்ன குறைச்சல்? அதை எடுத்துவிட்டால் இந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பேச்சே வராது. மொரீன், மேலே எழுதியதை எல்லாம் அடுப்பில் போடு. ஹேஸலுக்கு உடனே போன் செய். என் பேரன் பெயர் ஜாக். கேலி செய்கிற பயலைத் தாத்தா நான் பார்த்துக்கொள்கிறேன்.