டியூஸ் சாரும் கோட்டுகால் மீன் ஊறுகாயும்

டென்னிஸை வைத்து மீன் ஊறுகாய் விற்ற மனிதர் பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் நடுவில் ஒரே ஒருவர்தான். உலகம் முழுக்கத் தேடினாலும் இரண்டாவது ஆள் கிடைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

டென்னிஸில் இருவரும் சமமாக நிற்கும் கட்டத்துக்கு டியூஸ் என்று பெயர். எந்த வேலை என்ன ஆச்சு என்று கேட்டாலும் எங்கள் சார் "டியூஸ்ல நிக்குது" என்பார். கரண்ட் வருமா என்று கேட்டாலும் அதே பதில்தான். அதனால் டியூஸ் சார். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருமுறை கூரியர்க்காரர் வந்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று பார்சலை நானே திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒரு காலத்தில் போட்டிகளில் ஆடியவர். முழங்கால் போனதும் உதியன்குளங்கரையில் ஒரு பேக்கரியின் மாடியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ் திறந்தார். மலையாள விளம்பரம் அவர், தமிழ் விளம்பரம் நான். ஊழியர் கூட்டம் அவ்வளவுதான்.

நடுவர் உட்காரும் உயரமான நாற்காலி ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்து ஆபீசுக்குள் போட்டிருந்தார். அவர் அதில் ஏறினால் தலை போய்விடும் என்று மின்விசிறியை நிறுத்த வேண்டும். எனக்கு வேர்த்துக் கொட்டும். நான் எழுதியதை வாசிக்கச் சொல்லி மேலேயிருந்து கையை நீட்டிக் கத்துவார்.

"அவுட்!"

"இதுல என்ன தப்பு சார்?"

"உலகத்தரம்னு எழுதியிருக்கியே, நீ உலகத்தப் பாத்தியா மக்கா? பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தாச்சு."

அந்தச் சமயத்தில்தான் கோட்டுகாலிலிருந்து செலின் அக்கா வந்தார். கடற்கரைப் பெண்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வீட்டில் மீன் ஊறுகாய் போடுகிறவர். பெரிய கம்பெனி ஒன்று அதே ஊறுகாயோடு இறங்கி, சாலை நெடுக நடிகை சிரிக்கும் போர்டுகளை நட்டுவிட்டது. அக்காவின் ஆர்டர் பாதியாகிவிட்டது.

"அவன் ஓங்கி அடிக்கட்டும் அக்கா," என்றார் சார். "நமக்கு அந்தப் பலம் கெடையாது. வாற பந்த ஒண்ணு விடாம ஒக்க திருப்பி அனுப்புவோம். பத்து தடவ திருப்பினா பதினொண்ணாவது தடவ அவனே வலையில அடிப்பான்."

"வலையின்னா எங்களுக்கு வேற ஆக்கும்," என்றார் அக்கா.

பந்தைத் திருப்புவது என்றால், அக்காவின் ஊறுகாய்க்காக நாங்கள் திறந்த இணையப் பக்கத்தில் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் நாங்கள் பதில் எழுத வேண்டும். பெரிய கம்பெனி யாருக்கும் பதில் சொல்வதில்லை. அவர்களுடைய பலவீனம் அதுதான் என்று சார் கண்டுபிடித்திருந்தார். ஒருவர் வெறும் "ம்" என்று போட்டிருந்தார்.

"இதுக்கு என்ன பதில் சார்?"

"அதுவும் பந்துதான் பிள்ளே."

நான் "ம்ம்" என்று போட்டேன். அந்த ஆள் உடனே "என்ன மீன்?" என்று கேட்டு, மூன்று குப்பி வாங்கினார்.

மூன்று மாதத்தில் ஆர்டர் மெல்ல நிமிர்ந்தது. அப்போது கள்ளிக்காட்டிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் எழுதினார்: "திறந்ததும் நாற்றம். பூனைக்கு வைத்தேன். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது."

"அழிச்சிடலாமா சார்?" என்றேன்.

சார் நாற்காலியிலிருந்து இறங்கினார். "நடுவர் இல்லாத ஆட்டத்துல நம்ம பக்கம் விழுந்த பந்துக்கு நாமதான் சொல்லணும். உள்ள விழுந்தா உள்ளதான், பாயின்ட் அவங்களுக்கு."

அவருடைய ஸ்கூட்டரில் கள்ளிக்காட்டுக்குப் போனோம். டீச்சர் குப்பியை நீட்டினார். சார் முகர்ந்து பார்த்து, கண்ணில் நீர் வர, "உள்ளதான்," என்றார். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "மன்னிக்கணும்னு சொல்லுதாரு," என்று நான் மொழிபெயர்த்தேன்.

தவறை ஒப்புக்கொண்டு பக்கத்தில் எழுதப் போகிறோம் என்ற செய்தி தெரிந்து செலின் அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார். "தப்பு நம்மளுதுன்னு ஊரு முழுக்கச் சொல்லப் போறீரா? அஞ்சு பேரு வீட்டுல அடுப்பு எரியாண்டாமா? எனக்கு எதுக்குவே விளம்பரக்காரன்?"

சார் டீச்சர் கொடுத்த குப்பியை மேசையில் வைத்தார். அக்கா மூடியைத் தொட்டார். திருகாமலே சுற்றியது.

"புது மூடியாக்கும். சரியா பிடிக்கல்ல," என்றார், குரல் இறங்கி. "எழுதுங்க. அந்த மூடி போட்ட குப்பி அம்புட்டையும் திருப்பி எடுத்துக்கிடுவோம்னு எழுதுங்க."

"பாயின்ட் உங்களுக்கே" என்று ஆரம்பிக்கலாம் என்றார் சார். என் உத்தியோக வாழ்க்கையில் முதன்முறையாக நான் அவரைப் பார்த்து "அவுட்!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். மூடி சரியில்லை, தவறு எங்களுடையது, குப்பியைத் திருப்பித் தாருங்கள், புதிது தருகிறோம் என்று நேராக எழுதினோம்.

அதன் பிறகு இரண்டு வாரம் ஒரு ஆர்டர்கூட இல்லை. திரும்பி வந்த குப்பிகள் மட்டும் சாக்குச் சாக்காக அக்கா வீட்டு முற்றத்தில் இறங்கின. ஆபீசில் நான் பதில் எழுத ஒரு கேள்வியும் வராமல் உட்கார்ந்திருந்தேன். சார் நான்கு மணிக்கே எங்கோ கிளம்பிப் போய்விடுவார். எங்களை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் வேலை தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பதினைந்தாம் நாள் கள்ளிக்காட்டு டீச்சர் ஒரு படம் போட்டார். புதுக் குப்பி, அதன் பக்கத்தில் நாக்கைச் சுழற்றிக்கொண்டு பூனை. "வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஊறுகாய் நன்றாக இருக்கிறது" என்று இரண்டே வரி. அன்றைக்கே போன் அடிக்க ஆரம்பித்தது. பெரிய கம்பெனியை நாங்கள் ஜெயிக்கவில்லை. அந்த நடிகை இன்றும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அக்காவிடம் இப்போது எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள்.

போன மாதம் கோட்டுகாலுக்குப் போயிருந்தபோது அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்.

"அந்த ரெண்டு வாரமும் உங்க சாரு தெனம் சாயங்காலம் இங்க வந்து குப்பி கழுவினாரு பிள்ளே. அந்தப் போன முட்டுக்கால வச்சிட்டு தரையில குத்த வச்சு இருந்தாக்கும் கழுவினது. நாங்க எத்தன சொல்லியும் எந்திரிக்கல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கழுவியிருப்பேனே.