ராஜினாமா மேஸ்திரியும் ரெண்டு வெத்தலையும்

வேலையை விடுவதில் ராஜினாமா மேஸ்திரியை மிஞ்ச புதுக்கோட்டைச் சீமையில் இன்னும் ஒருத்தர் பிறந்து வரவில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனை தடவை விட்டார் என்று எண்ண ஆரம்பித்த எங்கள் வாட்ச்மேன், பாதியிலேயே தன் வேலையை விட்டுப் போனார். மேஸ்திரி அத்தனை தடவையும் விட்டது ஒரே பட்டறையை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை கிறுகிறுக்கிறது.

அந்தப் பட்டறை திருக்கோகர்ணம் போகிற ரோட்டில் இருந்தது. சமஸ்தானம் போய், நாங்களெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்களாகிச் சில வருஷம் ஆன சமயம். பஸ்ஸு, லாரி, திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுக் கார் என்று எது படுத்தாலும் எங்களிடம்தான் வரும். எனக்குச் சாமான் அறையில் வேலை. போல்ட்டு, நட்டு, கேஸ்கெட் எல்லாம் என் பொறுப்பு. மேஸ்திரியைத் திரும்ப அழைத்து வருவதும் என் பொறுப்பு. சொல்லப்போனால் அதுதான் பெரிய வேலை.

"நல்ல மேஸ்திரி கிடைக்கிறதுக்குள்ள நல்ல மாப்பிள்ளை ரெண்டு கிடைச்சிருவான்" என்பார் மொதலாளி. அந்தக் காலத்தில் அது நிஜம். கைத்தொழில் தெரிந்த ஆளை மோப்பம் பிடித்துக்கொண்டு பஸ் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக அலைவார்கள். மொதலாளியே தாம்பாளத்தில் வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு, பெண் கேட்கப் போகிற மாதிரி காரைக்குடிப் பக்கம் போய்த்தான் இவரை அழைத்து வந்தார். போன இடத்தில் பரீட்சை வைத்தது மேஸ்திரி.

"வண்டி சரியா வரலைன்னா யாரைத் திட்டுவீக?" என்று கேட்டாராம்.

மொதலாளி யோசித்து, "வண்டியைத்தான்" என்றாராம்.

"அப்ப வாரேன்" என்று எழுந்துவிட்டாராம்.

வந்த முதல் வாரமே எனக்கு மூச்சு நின்றது. ரெண்டு ஊரில் திறந்து மூடி, காரணம் தெரியாமல் கைவிட்ட ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேஸ்திரி இஞ்சின் ஆயிலை விரலால் தொட்டார். துடைக்கப் போகிறார் என்று நான் துணியை நீட்டினால், அவர் விரலை நாக்கில் வைத்துவிட்டார். கண்ணை மூடி, ரசத்துக்கு உப்புப் பார்க்கிறவர் மாதிரி ஒரு சப்புக் கொட்டினார்.

"தண்ணி கலந்திருக்கு. கேஸ்கெட்டு போச்சு."

கழற்றிப் பார்த்தால் கேஸ்கெட்டேதான். கார்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

வாய் திறந்தால் ஏதாவது ஒரு வசனம் சொல்வார். அதில் ஒன்று: "தம்பி, சத்தம் போடுற வண்டி எப்படியும் வீடு சேந்துரும். சத்தமே இல்லாம ஓடுது பாரு, அதைத்தான் நிறுத்திப் பாக்கணும்." இதை நான் வண்டி சமாசாரம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இனி ராஜினாமாவுக்கு வருகிறேன். காலையில் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பனியனோடுதான் வேலை. ஆணியிலிருந்து சட்டை இறங்கினால் ராஜினாமா. வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மண்ணெண்ணெயில் கை கழுவி, சட்டை போட்டு, பட்டனைக் கழுத்துவரை மாட்டி, ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அங்கே எப்பவும் யாராவது ஒரு வெளியூர்க்காரர் இருப்பார். டீக்கடை என்றால் அப்படித்தானே? நான் கண்டுகொண்டதில்லை.

மொதலாளிக்கு வியர்த்துவிடும். "ஓடுப்பா, வெத்தலை வாங்கிட்டு ஓடு" என்பார். ரெண்டு வெத்தலை, ஒரு கொட்டைப்பாக்கு. அதை நான் கையில் வைத்து, "மேஸ்திரி, மொதலாளி வரச் சொன்னாக" என்றால் எழுந்து வருவார். சட்டை மறுபடி ஆணிக்குப் போகும்.

காரணங்களைக் கேட்டால் நீங்களே திகைத்துப் போவீர்கள். ஒரு நாள் டீக்கு சாஸர் வரவில்லை. ஒரு நாள் லாரிக்காரர் ஹாரனை ரெண்டு தடவை அடித்தார். ஒரு நாள் மொதலாளி புதுக் காலண்டரை வடக்குச் சுவரில் மாட்டினார். அப்போது மூன்று வண்டி வயிறு திறந்து கிடந்தது. காலண்டரைத் தெற்குச் சுவருக்கு மாற்றிய பிறகுதான் நான் வெத்தலையோடு போக முடிந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது மொதலாளிக்கு மாப்பிள்ளை வந்தார். மெட்ராஸில் படித்தவர். நல்ல பிள்ளைதான், எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பார். மொதலாளி பழனிக்கு நடைபயணம் கிளம்பி, பட்டறையை அவரிடம் விட்டுப் போனார்.

அன்னவாசல்காரர் ஒருவருக்கு நாலு பஸ் ஓடியது. அந்த நாலு பஸ்தான் எங்கள் பட்டறைக்குச் சோறு. அதில் ஒன்று பின்னச்சு, அதாவது பின்சக்கர அச்சு, கழன்று எங்களிடம் கிடந்தது. திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார். "அன்னைக்கு வண்டி ரெடியா நிக்கலைன்னா நாலு வண்டியும் திருச்சிப் பட்டறைக்குப் போயிரும், சொல்லிட்டேன்" என்று அன்னவாசல்காரர் சொல்லிவிட்டுப் போனது செவ்வாய்க்கிழமை காலை. பத்து மணிக்குச் சட்டை இறங்கியது.

வாசலில் தண்ணி தெளித்த விதம் சரியில்லை என்பது அன்றைய குற்றம்.

நான் வெத்தலைக்குக் கிளம்பினேன். மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கே போறீங்க? விலகிறதுன்னா எழுதிக் குடுக்கணும். அதுதான் முறை."

மேஸ்திரிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். "எழுதுப்பா தம்பி" என்றார் என்னிடம். வழக்கமான சடங்கில் இது புது மந்திரம் போலிருக்கிறது என்று நினைத்து, முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். பாவி நான்தான் எழுதினேன். மாப்பிள்ளை வாங்கி, அடியில் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதி, ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மேஸ்திரி காகிதத்தைப் பார்த்தார், ஸ்டாம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் ராஜினாமாவை யாரும் ஏற்றுக்கொண்டதே இல்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. வாசலைத் தாண்டியவர் டீக்கடைப் பக்கம்கூடத் திரும்பாமல் போய்விட்டார்.

மாப்பிள்ளை அசரவில்லை. மூன்று நாளில் மூன்று மேஸ்திரி பிடித்தார். முதல் ஆள் பூட்ஸ் போட்டிருந்தார். தலைக்கு மேல் ஃபேன் இல்லை என்று மத்தியானமே போனார். ரெண்டாம் ஆள் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, "இது வெள்ளைக்காரன் மூடினது, அவன்தான் தொறக்கணும்" என்றார். "ஏற்கெனவே தொறந்துதான்யா கிடக்கு" என்றேன். அதற்குள் ஆளைக் காணோம்.

மூன்றாம் ஆள் பேசவே இல்லை. ஒரே நாளில் பின்னச்சை மாட்டி முடித்துவிட்டார். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. மாப்பிள்ளையே ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். பஸ் பின்னால் போனது. பயந்துபோய் ரெண்டாம் கியரைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பல்சக்கரத்தை இந்தப் பக்கம் மாட்டுவதற்குப் பதில் அந்தப் பக்கம் மாட்டியிருந்தார் அந்த மகராசன். வண்டி ரோட்டைத் தாண்டி, டீக்கடைப் பெஞ்சை உடைத்து, பாய்லருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு அப்படியே நின்றார். திரும்பிப் பார்த்தால், மூன்றாம் ஆளின் செருப்பு மட்டும் இருந்தது.

சனிக்கிழமை காலை, நான் யாரையும் கேட்காமல் மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். அவர் சம்சாரம் வந்து, "அவுக வேலைக்குப் போயிருக்காகளே" என்றார்.

"எங்கக்கா வேலை?"

"கந்தர்வக்கோட்டை பஸ்ல. தெனமும் சோத்துப் பொட்டலத்தோட போறாக."

கந்தர்வக்கோட்டை பஸ் அன்னவாசல்காரருடையதுதான். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து ஏறினேன். இஞ்சினை ஒட்டின சீட்டில் மேஸ்திரி, கழுத்துவரை பட்டன் போட்டு, காதை இஞ்சின் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கையில் டிக்கெட். பக்கத்தில் பட்டுக்கரை வேட்டியோடு ஒருவர், மடியில் வெத்தலைத் தாம்பாளம். எங்கோ பார்த்த முகம். டீக்கடைப் பெஞ்சில் பார்த்த முகம்.

"நீங்க பட்டறை ஆளா?" என்றார் என்னிடம். "திருச்சியில நான் பஸ் கம்பெனி மேனேஜருங்க. ஆறு வருஷமா இவரைக் கூப்பிட அலையுறேன். மொதத் தடவை, வேலையில இருக்கிறப்ப வந்தேன், 'உப்புத் திங்கிற எடத்துல இருந்துக்கிட்டு வேற எலைக்கு எடம் பாக்கலாமா'ன்னுட்டார். அதுலேருந்து, பெஞ்சில என்னைக் கண்டதும் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, 'இப்ப எனக்கு வேலையில்லை, வேலையில்லாதவனைக் கூப்பிட்டா உங்க கம்பெனிக்குத்தான் கவுரவக் கொறைச்சல்'ங்கிறார். அதுக்குள்ள நீங்க வெத்தலையோட வந்துடுறீங்க."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சாஸர், ஹாரன், காலண்டர் எல்லாம் ஒவ்வொன்றாக என் மண்டையில் வந்து விழுந்தன. அத்தனை நாளும் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேஸ்திரி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெத்தலை வச்சுக் கூப்பிடுறாக. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிப்பா சொல்றது? பெரிய மனுஷன் செய்யிற காரியமா? நம்ம பக்கத்து வெத்தலை முந்தி வந்தா தப்பிச்சுக்கலாம். இந்தத் தடவை வரலையே." குரலைத் தாழ்த்தினார். "இவருக்குப் பயந்து நாலு நாளா பஸ்ஸுலயே சுத்தறேன். இவரும் டிக்கெட் எடுத்து ஏறிக்கிறாரு. சொல்ல வேண்டிய சாக்கெல்லாம் தீந்துபோச்சு தம்பி."

மேனேஜர் தாம்பாளத்தை மெல்ல மேஸ்திரி பக்கம் நகர்த்தினார். என் கையில் ஒரு வெத்தலை இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக வெத்தலை வாங்காமல் கிளம்பியிருந்தேன்.

டிரைவர் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினார் போலிருக்கிறது. சடக்கென்று பிரேக்கைப் போட்டார். காதில் செருகியிருந்த ரெண்டு வெத்தலையை எடுத்து என்னிடம் நீட்டினார். "பிடிங்கண்ணே. இந்தாளு போயிட்டா இந்த மலைப்பாம்பை நானா ஓட்டுறது?" பின் சீட்டுக்காரர் ஒருவர் பாக்கு கொடுத்தார்.

மேஸ்திரி கையை நீட்டவில்லை. "ஏத்துக்கிட்டவுகதான் கூப்பிடணும்" என்றார்.

அதற்குமேல் டிரைவர் யாரையும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினார். கந்தர்வக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்த முப்பது பேரும், ஒருத்தர்கூட முணுமுணுக்காமல், எங்கள் பட்டறை வாசலில் வந்து இறங்கினார்கள்.

ரிப்பேர் பஸ் பின்பக்கத்தைத் திறந்து போட்டுக்கொண்டு நடு ரோட்டில் கிடந்தது. அடியிலிருந்து ரெண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கால். மெட்ராஸ் பேண்ட் முழுக்கக் கிரீஸ். வெளியே இழுத்து, டிரைவரின் வெத்தலையை அவர் கையில் திணித்தேன். முப்பது பேரையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். முறை என்று எதையோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மண்டி போட்டபடியே வெத்தலையை ரெண்டு கையாலும் நீட்டினார்.

"வாங்க மேஸ்திரி. எனக்குத் தெரியலை."

மேஸ்திரி திரும்பித் திருச்சிக்காரரைப் பார்த்தார். "மன்னிக்கணும். கூப்பிட்டுட்டாக." சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு அடியில் போனார். திருச்சிக்காரர் தன் தாம்பாளத்து வெத்தலையைத் தானே மடித்து வாயில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை வண்டி இன்ஸ்பெக்டர் முன்னால் ரெடியாக நின்றது. முன்னால் போடா என்றால் முன்னால் போனது.

அதற்குப் பிறகுதான் நிஜமான அதிர்ச்சி. மேஸ்திரி ராஜினாமாவே செய்யவில்லை. ஒரு மாசம் போனது, ரெண்டு மாசம் போனது. சாஸர் இல்லாத டீயைக் குடித்தார். காலண்டர் வடக்கே போனது, பேசவில்லை. பழனியிலிருந்து திரும்பி வந்த மொதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. "சத்தமே இல்லாம ஓடுதேப்பா" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "மனசுக்குள்ள எங்கேயோ எண்ணெய் வத்துது. நெஜமாவே போயிருவாரோ?"

ஒரு நாள் எதிர்க்கடையின் புதுப் பெஞ்சில், குடை வைத்துக்கொண்டு ஒரு வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஆணியில் சரசரவென்று சத்தம். சட்டை இறங்கியது. காக்காய் கரைகிற விதம் சரியில்லையாம்.

மொதலாளி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, பெருமூச்சு விட்டுச் சிரித்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் மாப்பிள்ளை வெத்தலைக்கடைக்கு ஓட ஆரம்பித்திருந்தார். நான் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன்.

"சின்ன மொதலாளி, எளசாப் பாத்து வாங்குங்க. மேஸ்திரிக்குப் பல்லு ஆடுது."