போர்டு எழுத வந்த எதுக்கு ஆசான்

கூலி பேசிக் கூப்பிட்ட ஆள் சைக்கிளில் வருவதைப் பார்த்துவிட்டு, கூப்பிட்டவனே கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒளிந்த கதை எங்கள் பக்கத்தைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது. புதுக்கடையிலிருந்து குளச்சல் வரைக்கும் கடை வைத்திருந்த அத்தனை பேரும் ஒரு மனுசனுக்குப் பயந்து கிடந்தோம். அவர் போலீசும் இல்லை, ரௌடியும் இல்லை. கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயின்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் 'எதுக்கு?' என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் எதுக்கு ஆசான்.

மற்ற பெயின்டர்களிடம் கடையின் பெயரைச் சொன்னால் எழுதிவிட்டுப் போவார்கள். இவரிடம் அது நடக்காது.

"ஆசானே, கடைக்கு ஒரு போர்டு எழுதணும்."

"எதுக்கு?"

"என்ன கேள்வி இது? நாலு பேரு வாசிக்கதுக்கு."

"வாசிச்சு எதுக்கு?"

இப்படியே போகும். கடைசியில் ஆசான் கடைக்குள் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். யார் வருகிறான், என்ன கேட்கிறான், ஏன் வாங்காமல் போகிறான் என்று கண்ணைக் கொட்டாமல் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வாடிக்கைக்காரன் பாதியில் எழுந்து ஓடுவான்.

புதுக்கடைச் சந்திப்பில் ஒரு வைத்தியர், தான் தீர்க்கும் நோய்களின் பெயரையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்து, அத்தனையும் போர்டில் வரவேண்டும் என்றார். ஆசான் நோயாளிகளோடு நோயாளியாகப் போய் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் என்ன கேடு என்று விசாரித்தார். இவர்தான் வைத்தியர் என்று நினைத்து ரெண்டு பேர் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். ஆசானும் விடாமல் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "ஓய், ஒம்மட்ட வாறதுல பாதி பேரு வயித்தால போறவன். அவன் நின்னு வாசிப்பானா?" போர்டில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. வாசலைப் பார்த்து ஒரு பெரிய அம்புக்குறி மட்டும் போட்டார். வைத்தியர் குதியோ குதி என்று குதித்தார். ஆனால் அம்புக்குறியை அழிக்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது குளச்சலில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். மாமனார் சீதனமாகக் கொடுத்த கடை அது. எனக்கோ சாவு என்றால் பயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே, ஐயோ யார் வீட்டிலோ என்று சிலுவை போட்டுக்கொள்வேன். என் உயரத்துக்கு மட்டும் பெட்டி அடிக்கவே மாட்டேன். ஒன்று கொஞ்சம் குட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் நீளமாக இருக்கும். என் பெண்டாட்டி ஞானம்மா, "நீரு செத்தா என்ன செய்ய, காலை மடக்கித்தான் வைக்கணும்" என்பாள்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் மீன் ஏலக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். திருவிழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கரையில் நின்று அவர் ஏலம் கூறினால் கடலில் கடைசி வள்ளத்துக்குக் கேட்கும்.

"ஏலே, பிள்ளத்தாச்சியெல்லாம் நடந்து போற வழியில பெட்டிய நிறுத்தி வச்சிருக்கியே, நீ மனுசனா? திருநாளுக்குள்ள கடைய எடுத்துரணும். இல்லன்னா நாங்க எடுப்போம்."

அந்த ஊரில் பெட்டிக்காரனுக்கு வேறு யாரும் கட்டடம் வாடகைக்குத் தரமாட்டார்கள். கடை போனால் ஞானம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுச் சாய்ப்புக் கொட்டகையில் போய்க் கிடக்கவேண்டியதுதான். மச்சான்மாரின் முகத்தை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. நல்லதாக ஒரு போர்டு வைத்தால் கடைக்கு மரியாதை வரும், ஊர் வாயும் அடங்கும் என்று ஞானம்மாதான் யோசனை சொன்னாள். அதிலும் ஒரு பயம். திருவிதாங்கூர்த் தமிழர் எந்தப் பக்கம் சேருவது என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த காலம். போர்டைத் தமிழில் எழுதினால் ஒருத்தன் முறைப்பான், மலையாளத்தில் எழுதினால் இன்னொருத்தன் முறைப்பான்.

சவப்பெட்டிக் கடைக்கு எழுத மற்ற பெயின்டர்கள் மாட்டோம் என்றதால், பயந்துகொண்டே ஆசானைக் கூப்பிட்டேன். ஆசான் வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"போர்டு எதுக்குடே?"

"ஆளு வாறதுக்கு ஆசானே."

"ஒனக்க கடைக்கு ஆளு வரணும்னு நெனக்கியா?"

வரவேண்டும் என்று நினைத்தால் பாவம். வரவேண்டாம் என்று நினைத்தால் பட்டினி.

"பாத்தியா? ஒனக்கே தெரியல்ல. நான் என்னத்த எழுத?" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். நான் தடுப்பதற்குள் ஒரு பெட்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டார். சரக்கை அறியாமல் எழுத மாட்டாராம். படுத்தவர் அப்படியே தூங்கியும் போனார். வெயில் ஏறிய நேரத்தில் தாகமெடுத்து எழுந்து உட்கார்ந்து, தெருவோடு போன மீன்காரியிடம், "எம்மா, இத்திரி தண்ணி உண்டா?" என்று கேட்டார். அவ்வளவுதான். தலையிலிருந்த மீன் கடவம் ஒரு பக்கம், மீன்காரி ஒரு பக்கம். "மாதாவே!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் தெருவே ஓடியது. எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் நானும் கொஞ்ச தூரம் ஓடினேன்.

ஆசானோ சாவதானமாகச் சொன்னார்: "சவத்த விடுடே. ஒறங்கதுக்கு முந்தி நான் பாத்துட்டேன். பிள்ளத்தாச்சிமாரு ஒனக்க கடை வந்ததும் ரோட்டக் கடந்து அந்தால போறாளுவ. அவளுவளுக்குத் தைரியம் வாற மாதிரி ஒண்ணு வரையணும்." நீலப் பெயின்ட் குழைத்துப் போர்டு முழுக்க அடித்து, நடுவில் ஒரு தொட்டில் வரைந்தார். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆட்டிவிட்டால் ஆடும்போல இருந்தது.

அதைத் தூக்கி மாட்டியதும் பெண்டுகள் விளக்குமாற்றோடு வந்துவிட்டார்கள். "சவப்பெட்டிக் கடை மேல தொட்டிலா? எங்க பிள்ளைகளுக்கும் சேத்து அடிச்சு வைக்கப் போறியாலே, பாவி!" ஆசான் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். "தப்பு எனக்க தப்பாக்கும்" என்று சொல்லி, ஏணியில் ஏறித் தொட்டிலின் மேல் நீலத்தைப் பூசி மறைத்தார். போர்டில் நீலம் மட்டும் மிஞ்சியது.

மறுநாளே ஒரு சேதி வந்தது. ஏலக்காரரின் பேத்திக்குக் கடுங்காய்ச்சலாம், கண் திறக்கவில்லையாம். தொட்டில் வரைந்ததால் வந்த வினை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஞானம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆசானே, நீரு ஊருக்குப் போயிரும். வந்தானுவன்னா ஒம்மையும் விடமாட்டானுவ" என்றேன். அவர் போகவில்லை.

சனிக்கிழமை மதியம் ஏலக்காரர் வந்தார். தனியாக வந்தார். எதிரே சோடாக்கடையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். பின்னால் ஆட்கள் கம்பிப்பாரையோடு வருகிறார்கள் என்று நினைத்து நான் ஒரு பெட்டிக்குப் பின்னால் குனிந்துவிட்டேன்.

ஆசான் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "மக்கா, அவரு அடிக்க வரல்ல. வாங்க வந்திருக்காரு."

"எப்பிடித் தெரியும்?"

"அடிக்க வாறவன் நம்மளப் பாப்பான்."

ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஏலக்காரரை உட்காரவைத்து, பக்கத்தில் தரையில் தானும் உட்கார்ந்தார். உலகத்தையே 'எதுக்கு' என்று கேட்டுக் கொன்ற மனுசன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏலக்காரருக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு ரெண்டு கையையும் தூக்கினார். கரையில் மீனின் நீளம் காட்டுவாரே, அப்படித்தான் காட்டினார். கைகளுக்கு நடுவே இருந்த இடம் ரொம்பக் கொஞ்சம்.

நான் பலகை அறுத்தேன். கண்ணீரில் கோடு தெரியவில்லை. ஆணியில் முதல் அடி விழுந்ததும் ஆசான் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "பைய அடிடே. அவரு காதுல விழப்படாது." தன் துண்டை மடித்து ஆணித்தலையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அதன் மேல்தான் சுத்தியலை இறக்கினேன். மிச்சமிருந்த நீலத்தை அந்தச் சின்னப் பெட்டிக்கு அவரே அடித்தார்.

அடக்கம் முடிந்து வந்து ஆசான் சொன்னார்: "இப்பத்தான் வெளங்கிச்சு. ஒனக்க கடைக்கு எழுத்து வேண்டாம். வாறவன் பெட்டியப் பாக்காம ஒக்காரணும், அதுக்கொரு பெஞ்சும் ஒரு தட்டியும் வேணும். அவ்வளவுதான்." ஞானம்மா ஓலைத்தட்டி கட்டினாள். நான் பெஞ்சு அடித்தேன். போர்டு வெறும் நீலமாகவே தொங்கியது.

திருநாள் வந்தது, போனது. கடையை எடு என்று யாரும் வரவில்லை. கொடி இறங்கி ஒரு வாரம் கழிந்த மதியம், ஏலக்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "யாருக்கு...?" என்றேன். "ஒருத்தருக்கும் இல்லடே. சும்மா ஒக்காரலாமேன்னு வந்தேன்" என்றார். அந்த நேரம் பார்த்து பக்கத்து ஊரான இனயத்தில் வேலை முடித்து வந்த ஆசான், சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஞானம்மா சாயா போட்டுத் தந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். இத்தனை நாள் இந்த ஆசானுக்கா பயந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பெஞ்சில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. நானும் போய் ஆசானை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.