எண்ணெய் தொடாத நாள்

மோதிரம் உள்ளே போகும்போது எந்தத் தகராறும் செய்யவில்லை. வெளியே வரத்தான் மறுத்தது.

கிரீஸ்காரர் படுக்கையறைக் கண்ணாடி முன் நின்று இழுத்தார், திருகினார், விரலை வாயில் வைத்து ஈரப்படுத்திப் பார்த்தார். மோதிரம் அவருடையது அல்ல. இன்னும் கொஞ்ச நேரத்தில் நிச்சயத்துக்கு வரப்போகிற மாப்பிள்ளையின் விரலில் அவருடைய மகள் போட வேண்டியது.

அதை ஏன் எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று கேட்டால் அவரிடம் ஒழுங்கான பதில் கிடையாது. நடை பழகிய காலத்தில் மகள் பிடித்துக்கொண்டு நடந்தது அந்த விரலைத்தான். பெட்டியைத் திறந்ததும் விரல் தானாக நீண்டுவிட்டது.

அவருக்குக் கடைவீதியில் மெஷின் எண்ணெயும் கிரீஸும் விற்கிற கடை; அதில் வந்த பெயர்தான் கிரீஸ்காரர். உலகத்துத் துன்பத்துக்கெல்லாம் காரணம் உராய்வுதான் என்பது அவர் கட்சி. எங்காவது 'கிறீச்' என்றால் போதும், எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பார். அவர் கை வைத்த அலமாரிக் கதவு யாரும் தொடாமலே திறந்துகொள்ளும். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தவர்கள் பிடித்த படியில் நிற்பதில்லை. தையல் மெஷினுக்கு அவர் போட்ட எண்ணெயில், மனைவி தைத்த துணியெல்லாம் வடை சுற்றிய காகிதம் போல ஆனது.

வரப்போகிற சம்பந்தியோ லாரிகளுக்குப் பிரேக் கட்டை செய்கிறவர். உராய்வுதான் அவருக்குச் சோறு போடுகிறது. முதல் சந்திப்பிலேயே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

"உராய்வு இல்லைன்னாதான் சார் வண்டி ஓடும்," என்றார் கிரீஸ்காரர்.

"ஓடும். எங்க போய் நிக்கும்?" என்றார் சம்பந்தி.

"எங்கயாவது நின்னுதானே ஆகணும்?"

"அது சுவரா இருந்தா?"

பேச்சு வளர்ந்தது. "எண்ணெய் விக்கிறவர் பேச்சு வழுக்கத்தான் செய்யும்," என்று அவர் சொல்ல, "நிறுத்துறதையே தொழிலா வெச்சிருக்கவர் கல்யாணத்தையும் நிறுத்துவார்," என்று இவர் சொல்ல, சம்பந்தி எழுந்து போயே விட்டார். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு வீட்டில் மாதக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த நாளைக் கொண்டு வந்திருந்தார்கள்.

அதனால் மகள் காலையிலேயே சொல்லிவிட்டாள். "அப்பா, இன்னைக்கு ஒரே ஒரு நாள். உராய்வுன்னு வாயைத் திறக்காதீங்க. எண்ணெயைத் தொடவே தொடாதீங்க. அவங்க அப்பா இன்னொரு தடவை எழுந்து போனார்னா அவ்வளவுதான், திரும்பி வர மாட்டார்."

"தொட மாட்டேம்மா."

"சத்தியமா?"

"என் கடை மேல சத்தியமா."

இருந்தாலும் அவள் அப்பாவை அறிந்தவள். வீட்டிலிருந்த எண்ணெய்க் குப்பிகளையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

இழுத்த இழுப்பில் விரல் வீங்கிவிட்டது. கிரீஸ்காரர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். சோப்பு எண்ணெயில் சேர்த்தி இல்லை என்று மனசாட்சியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, விரல் முழுக்க நுரையாகத் தேய்த்தார். மோதிரம் அசையவில்லை. சோப்புதான் அசைந்தது. கையிலிருந்து துள்ளிக் குதித்து, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

மண்டியிட்டு உள்ளே கையை விட்டுத் துழாவினார். சோப்பு கிடைக்கவில்லை. எப்போதோ அவரே மனைவிக்குத் தெரியாமல் அங்கே ஒளித்து வைத்த எண்ணெய்க் குப்பி கிடைத்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"ஒரு சொட்டு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஒரே ஒரு சொட்டு போட்டா சத்தியத்தை மீறறது ஆகாது."

மூடி கழன்று முக்கால் குப்பி கொட்டியது.

மோதிரம் இப்போது விரலைச் சுற்றிச் சுற்றி உற்சாகமாக ஓடியது. ஆனால் கணுவைத் தாண்டி வர மட்டும் மாட்டேன் என்றது. அவர் துண்டால் கையைத் துடைத்தார். துண்டு நழுவித் தரையில் கிடந்த எண்ணெயில் விழுந்தது. மிச்சம் இருந்தது மகள் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்த புத்தம்புது வெள்ளைச் சட்டை. அதில் துடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது.

கதவின் உருண்டைப் பிடியைப் பிடித்துத் திருகினார். கை சுற்றியது, பிடி சுற்றவில்லை. இடது கையால் திருகினார். இரண்டு கையாலும் திருகினார். பிடி பளபளவென்று மின்னிக்கொண்டு அப்படியே இருந்தது.

வெளியே மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க, அவங்க வந்தாச்சு. உள்ள என்ன பண்றீங்க?"

"கதவு திறக்க வரலை."

"பூட்டினது நீங்கதானே? திருகுங்க."

"திருகினா வழுக்குது. பிடிப்பே இல்லை." சற்றுத் தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். "உராய்வு போதலை."

"இந்த வார்த்தையை உங்க வாயால கேக்க நான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ண வேண்டியிருந்துது," என்றாள் மனைவி. பிறகு கதவுக்கு அடியில் சரசரவென்று ஒரு செய்தித்தாள் உள்ளே வந்தது. "இதைச் சுத்திப் பிடிச்சுத் திருகுங்க."

செய்தித்தாள் பிடித்த பிடிக்குக் கதவு மறுபேச்சில்லாமல் திறந்தது. மனைவி தலையில் அடித்துக்கொள்வதற்குள் அவர் கூடத்தை நோக்கி விரைந்தார். உள்ளங்காலில் எண்ணெய் இருப்பதை அவர் மறந்திருந்தார். கூடத்துத் தரை மறக்கவில்லை.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரீஸ்காரர் கைகூப்பிய கோலத்தில் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்காமலே போனார். நேராகச் சுவருக்குப் போயிருப்பார். சம்பந்தி குறுக்கே வந்து, இடது கையை அவர் மார்பில் ஊன்றி நிறுத்தினார். நிறுத்தியவரின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"வாங்க, வாங்க," என்றார் கிரீஸ்காரர், மோதிரக் கையைச் சட்டென்று பாக்கெட்டில் திணித்துக்கொண்டு.

சம்பந்தி கைகூப்பவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தார். மனைவி காப்பி கொண்டுவந்து நீட்டியபோது அதை இடது கையால் வாங்கினார். கிரீஸ்காரர் அந்தக் கையையே பார்த்தார். நாலு பேர் நடுவில் மரியாதை தெரிந்த மனிதர் இடது கையால் வாங்குகிறார் என்றால் பழைய கோபம் அப்படியே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒரு வார்த்தை பிசகினால் எழுந்து போய்விடுவார். இதற்கிடையில் கிரீஸ்காரருடைய பாக்கெட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை ஒன்று நிதானமாக வளர்ந்துகொண்டிருந்தது.

"சரி, மோதிரத்தை மாத்திக்கலாமா?" என்றாள் மனைவி.

மகள் பெட்டியைத் திறந்தாள். காலியாக இருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவருடைய பாக்கெட்டைப் பார்த்தாள்.

"அப்பா. கையை எடுங்க."

கிரீஸ்காரர் கையை எடுத்தார். மோதிரம் ஜொலித்தது. விரல், கை, மணிக்கட்டு எல்லாமே ஜொலித்தன.

"எண்ணெய் போட்டீங்களா?"

"கொஞ்சம்."

"ஏம்பா இதை எடுத்துப் போட்டீங்க?"

"சும்மாதாம்மா. நீ பிடிச்சுக்கிட்டு நடந்த விரல். இனிமே நீ பிடிக்க வேற விரல் வந்துடுச்சு. அது எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு..."

மகள் திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. கிட்டே வந்து அந்த விரலைப் பிடித்தாள். பிடி வழுக்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிரீஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் நின்றால் தன்னால்தான் நிற்கும் என்ற பயத்தில் அவர் சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, என் மேல இருக்கிற கோபத்தைப் பிள்ளைங்க மேல காட்டிடாதீங்க. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி. உராய்வு இல்லாம ஒரு கதவைத் திறக்க முடியலை, ஒரு கூடத்துல நடக்க முடியலை. நீங்க நிறுத்தலைன்னா இந்நேரம் சுவர்ல இருந்திருப்பேன். நான் தோத்துட்டேன்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கறேன்."

ஜெயித்தவர் முகம் மலரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சம்பந்தியின் முகம் இன்னும் சிவந்தது. காப்பியைக் கீழே வைத்தார், வாசலைப் பார்த்தார், எழுந்தும் விட்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மகளின் பிடி இறுகியது.

மாப்பிள்ளையின் அம்மா பெருமூச்சு விட்டு, கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அந்த எண்ணெயில மிச்சம் இருந்தா கொஞ்சம் கொண்டு வாங்க சம்பந்தி. காலையிலேர்ந்து பொண்ணுக்குப் போட வேண்டிய மோதிரம் இவர் சுண்டு விரல்ல மாட்டிக்கிட்டிருக்கு, செத்தாலும் எண்ணெய் போட மாட்டேன்னு கையைப் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருக்கார்."